மில் சாம்பல் படிஞ்ச சோலார் பேனல்: கழுவினா போதுமா, இன்னொண்ணு வாங்கணுமா?

பெகு தையல்காரி:
வணக்கம். பர்மாவுல, பெகு ஊர்ல எங்க வீட்டுத் தகரக் கூரை மேல 330 வாட் பேனல் ரெண்டு இருக்கு. கரண்ட் போனா என் தையல் மெஷின் மோட்டார், லைட், ஃபேன் எல்லாம் அதுலதான் ஓடுது. கார்த்திகையில நடுப்பகல்ல சார்ஜர் 480 வாட் காட்டுச்சு. இப்ப பங்குனி, அதே நேரத்துல 290-ஐத் தாண்டல. ஐப்பசியோட மழை நின்னு போச்சு. பக்கத்துலயே அரிசி மில். கொடியில காயற வெள்ளைத் துணியை உதறினா உமிச் சாம்பல் கறுப்பா கொட்டும். பேனல் வித்த கடைக்காரர் மீட்டர் வெச்சுப் பார்த்துட்டு, "வோல்ட் சரியா இருக்கு, பத்தலன்னா இன்னொரு பேனல் போடுங்க"ன்னார். ஜூன்ல பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் திறக்குது, இப்ப அந்தப் பணத்தைத் தொட பயமா இருக்கு. அழுக்கு மட்டுமே இவ்வளவு இழுக்குமா?

மோல்மேன் வயர்மேன்:
இழுக்கும் தங்கச்சி. வோல்ட்டைப் பார்த்து அழுக்கைக் கண்டுபிடிக்க முடியாது. வெளிச்சம் பாதியானாலும் வோல்ட் கொஞ்சம்தான் இறங்கும், ஆம்பியர்தான் வெளிச்சத்தோட சேர்ந்து விழும். ஒண்ணு கேக்கறேன், நீங்க பார்த்தப்ப பேட்டரி நிறைஞ்சிருந்துச்சா? நிறைஞ்சா சார்ஜரே குறைச்சுக்கும். காலையில மெஷினை நல்லா ஓட்டிட்டு அப்புறம் பாருங்க. பேனல் நெட்டுக்கு நிக்குதா, குறுக்கப் படுத்திருக்கா?

பெகு தையல்காரி:
பேட்டரி பாதிதான் அண்ணே, மெஷின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. பேனல் நெட்டுக்கு இருக்கு, சாய்வு ரொம்பக் கம்மி.

மோல்மேன் வயர்மேன்:
அப்ப கீழ் விளிம்பைப் பாருங்க. பனித்தண்ணி சாம்பலை இழுத்துட்டு வந்து ஃபிரேம் ஓரத்துல நிக்கும், வெயில் ஏறினதும் காய்ஞ்சு பொருக்காயிடும். பேனலுக்குள்ள செல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சங்கிலியா கோத்திருக்கு. மூணு கூறா பிரிச்சு, கூறுக்கு ஒரு டயோடு; ஒரு கூறு மூடிக்கிட்டா அதைத் தாண்டி கரண்டை விடற சின்ன வழி அது. நெட்டுக்கு வெச்சா அந்த மூணு கூறும் கீழ் வரிசை வழியாத்தான் போகுது. அந்த வரிசையை மூடினா மூணுமே படுத்துக்கும். குறுக்க வெச்சிருந்தா ஒரு கூறோட போயிருக்கும்.

தன்லின் அக்கா:
காஞ்ச துணியால மட்டும் தேய்ச்சுடாதம்மா. உமிச் சாம்பல்ல பெரும்பகுதி சிலிக்கா, மணல் மாதிரி கண்ணாடியைக் கீறும். நான் அப்படித் தேய்ச்ச பேனல்ல இன்னும் கோடு கோடா தெரியுது. விடியற்காலையில, கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது ஊத்து. உச்சிவெயில்ல கொதிக்கிற கண்ணாடி மேல பச்சைத் தண்ணி பட்டா விரிசல் விடலாம். சோப்பு வேணாம். போர் தண்ணி உப்பா இருந்தா வெள்ளைக் கறை நிக்கும், மென்துணியால ஒத்தி எடுத்துடு. காக்கா எச்சத்தை அன்னன்னைக்கே எடு, அது மூடுற செல் சூடேறிக் கருகிப்போகலாம். தகரத்துல வழுக்கும், தனியா ஏறாத.

பெகு தையல்காரி:
ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடி தம்பி ஏணியைப் பிடிக்க ஏறினேன். அண்ணே சொன்ன மாதிரியே கீழ் ஓரத்துல ரெண்டு விரல் அகலத்துக்குச் சாம்பல் சுண்ணாம்பு பூசினாப்ல இருந்துச்சு. தண்ணி ஊத்தினா நகரல. ஈரச்சாக்கை அரை மணி நேரம் போட்டு வெச்சு ஊறவிட்டப்புறம் பாளம் பாளமா உரிஞ்சு வந்துச்சு. நடுப்பகல்ல 440 வாட்! மிச்சம் 40 எங்கண்ணே போச்சு?

மோல்மேன் வயர்மேன்:
சூடு. செல் சூடு ஒரு டிகிரி ஏறினா சுமார் 0.4 சதவீதம் குறையும், பங்குனி வெயில் கார்த்திகை வெயில் இல்லையே. வயல்ல தாள் எரிக்கிற புகை மூட்டம் வேற. இது பேனல் குறை இல்ல.

பெகு தையல்காரி:
மூணாவது பேனல் வேணாம்னு கடைக்காரர்கிட்டச் சொல்லிட்டேன். வைகாசி மழை வர்ற வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஏறிக் கழுவறேன். கீழ் ஓரத்தை மட்டும் வாரா வாரம்.