குரல் அடங்கிய பிறகும் மறதி போகவில்லை: பயிற்சிக்குப் போனவர்கள் சொல்லுங்கள்

என் தம்பிக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), யாரும் பேசாமலே காதில் குரல் கேட்கும். மாத்திரை எடுத்த சில மாதங்களில் குரல் கேட்பது அடங்கியது, சரி, இனிமேல் பழையபடி ஆகிவிடுவான் என்று இருந்தேன். ஆகவில்லை. ஒரே பத்தியை நாலு தடவை படிப்பான், கடைக்கு அனுப்பினால் நாலு சாமானில் ஒன்றுதான் வரும். சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன், இப்போது நினைத்தாலும் மனசு கேட்பதில்லை. கவனம், ஞாபகம், யோசிக்கிற வேகம் எல்லாம் இந்த நோயிலேயே அடிபடும், குரலை அடக்கும் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் புரிந்தது.

அப்புறம் வாரம் இரண்டு நாள் அறிவாற்றல் பயிற்சி, அதாவது கவனத்தையும் ஞாபகத்தையும் பழக்குவது. திரையில் வரும் படங்களை நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தெரபிஸ்ட், "எப்படி ஞாபகம் வைத்தீர்கள்?" என்று கேட்பார். "இரண்டிரண்டாகப் பிரித்தேன்" என்றான். ஒரு நாள் கடைக்குக் கிளம்பும்போது, "குளியலறைக்கு இரண்டு, சமையலறைக்கு இரண்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினான். நாலும் வந்தது. நான் உள்ளே போய் அழுதேன்.

—

எனக்கே இந்த நோய் இருக்கிறது. முதலில் மூளை விளையாட்டு ஆப் ஒன்றைத் தனியாக மூன்று மாதம் விளையாடினேன், மதிப்பெண் ஏறியதே தவிர வேலையில் தப்பு குறையவில்லை. பயிற்சியில் சேர்ந்த பிறகு, செய்யப்போவதை முதலில் வாய்விட்டுச் சொல்லி, பிறகு மெதுவாக, கடைசியில் மனசுக்குள் சொல்லப் பழக்கினார்கள். இப்போதும் ஃபைல் அடுக்கும்போது உதடு அசையும், பக்கத்தில் இருப்பவர் பார்த்தால் பார்க்கட்டும். டில் வைக்ஸ் என்ற உளவியலாளரின் குழு 2011-இல் இந்தப் பயிற்சி பற்றிய 40 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததிலும், மற்ற மறுவாழ்வுப் பயிற்சிகளோடு சேர்த்துக் கொடுத்தால்தான் அன்றாட வாழ்க்கையில் பலன் அதிகம் என்று வந்திருக்கிறது. ஆப் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

—

என் மகளுக்குப் பயிற்சி ஆரம்பத்தில் ஒட்டவே இல்லை, பாதியில் தூங்கி வழிவாள். கை நடுக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையே மறதியைக் கூட்டலாம் என்று வேறொரு மருத்துவர் கண்டுபிடித்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், கேளுங்கள். போன வாரம் அவளே மருத்துவரிடம் தேதியை மாற்றச் சொல்லி போனில் பேசினாள், புதுத் தேதியை இரண்டு தடவை திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள்.