ஹிக்ஸ் அதிகமா சிதையறது பி குவார்க்காதான், அப்புறம் ஏன் அதைப் பாக்க 2018 வரைக்கும் ஆச்சு?

கோவைமாணவன்:
எம்எஸ்சி ரெண்டாவது வருஷங்க, அடுத்த வாரம் செமினார், ஹிக்ஸ் துகள் (மத்த அடிப்படைத் துகளுக்கு நிறை கொடுக்கற புலத்தோட துகள்) எடுத்திருக்கேன். ஒரு இடத்துல அப்படியே நின்னுட்டேன். 125 ஜிஇவி (துகளோட நிறையை அளக்கற அலகு) ஹிக்ஸ் 100ல 58 தடவை பி குவார்க் (கனமான ஒரு குவார்க் வகை) ஜோடியா சிதையும்னு டேபிள்ல இருக்கு, ரெண்டு போட்டானா (ஒளித்துகளா) சிதையறது 1000ல ரெண்டு தடவைதான். ஆனா 2012 ஜூலை 4 அன்னிக்கு செர்ன் ஆய்வகத்துல ஹிக்ஸைக் கண்டுபிடிச்சதா அறிவிச்சப்போ பளிச்சுனு தெரிஞ்சது போட்டான் சேனலும் (சேனல்னா சிதையற வழி), ரெண்டு இசட் (வலுவற்ற விசையைக் கடத்தற துகள்) வழியா நாலு லெப்டான் (எலக்ட்ரானோ அதோட கனமான உறவான மியூவானோ) வர்ற சேனலும்தான், பி குவார்க்கை உறுதியா பாத்துட்டோம்னு சொன்னது 2018 ஆகஸ்ட்ல. அதிகமா நடக்கறதுதானே முதல்ல கண்ணுல படணும்? அதோட ஹிக்ஸ் கிடைச்சாச்சு, அது ஃபெர்மியானா (குவார்க், எலக்ட்ரான் மாதிரி பொருளைக் கட்டற துகளா) உடையுதான்னு இத்தனை வருஷம் ஏன் மெனக்கெடணும்? கைடுகிட்ட கேட்டா பேக்ரவுண்ட் (தேடறது மாதிரியே தெரியற மத்த நிகழ்வுகள்) அதிகம்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாரு, அதை விரிச்சு சொல்ல எனக்கு வரலை.

சில்லுப்பிக்சல்:
தம்பி, உங்க கைடு சொன்னது சரிதான், ஆனா எவ்ளோ அதிகம்ங்கறதுலதான் மொத்த கதையும் இருக்கு. எல்ஹெச்சில (செர்ன்ல புரோட்டானை மோத விடற மெஷின்) ஹிக்ஸ்ல இருந்து ஒரு பி ஜோடி வர்றதுக்குள்ள, ஹிக்ஸுக்கு சம்பந்தமே இல்லாம வலுவிசையால (குவார்க்குகளை ஒட்ட வைக்கற விசை) நேரா பிறக்கற பி ஜோடி ஒரு கோடிக்கும் மேல வந்துடும். அரிசில கல்லு பொறுக்கும்போது கருங்கல்லு ஈசியா மாட்டும், அரிசி கலர்லயே இருக்கற வெள்ளைக் கல்லுதான் கைல சிக்காது, எண்ணிக்கைல அது எவ்ளோ அதிகமா இருந்தாலும் சரி. போட்டான்தான் கருங்கல்லு. அதுல நிறை ஒண்ணு ரெண்டு ஜிஇவிக்குள்ள துல்லியமா வரும், கூரான முகடு கிடைக்கும். பி குவார்க் ஜெட்டா (துகள் கூட்டமா) சிதறி வர்றதால நிறையே பத்து பதினஞ்சு ஜிஇவிக்கு பரவிடும்.

இதுக்கு மேல டிரிக்கர் (எந்த நிகழ்வை சேமிக்கணும்னு உடனே முடிவு பண்ற அமைப்பு) பிரச்சனை. செகண்டுக்கு 4 கோடி தடவை புரோட்டான் கொத்துகள் குறுக்க போகுது, சேமிக்க முடிஞ்சது அதுல ஆயிரம் சொச்சம்தான், வெறும் ரெண்டு ஜெட் இருக்கற நிகழ்வை எல்லாம் எடுத்து வைக்க இடமே கிடையாது. அதனால என்ன பண்ணாங்கன்னா, டபிள்யூவோ (இசட் மாதிரியே இன்னொரு விசைத்துகள்) இசட்டோ கூடவே பிறக்கற ஹிக்ஸை முக்கியமா தேடினாங்க. மொத்த ஹிக்ஸ்ல அது 100க்கு நாலுதான், மீதி 96ஐ பெரும்பாலும் மனசு வந்து விட்டுட்டாங்க! ஆனா அந்த இசட் ரெண்டு மியூவானா உடைஞ்சா டிரிக்கர் உடனே பிடிச்சுக்கும், வலுவிசை குப்பையும் பெரும்பகுதி கழிஞ்சுடும்.

பி குவார்க்னு எப்படி தெரியும்னு செமினார்ல கண்டிப்பா கேப்பாங்க. பி ஹேட்ரான் (பி குவார்க் உள்ள கூட்டுத்துகள்) 1.5 பிக்கோ செகண்ட் உயிரோட இருக்கும், அந்த வேகத்துல அதுக்குள்ள சில மில்லிமீட்டர் போயிட்டு உடையும், பிக்சல் டிடெக்டர்ல தடங்களை பின்னாடி நீட்டிப் பாத்தா மோதின புள்ளில சேராம கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளில சேரும். சிஎம்எஸ்ல (எல்ஹெச்சியோட ரெண்டு பெரிய டிடெக்டர்ல ஒண்ணு, இன்னொண்ணு அட்லஸ்) 2017ல மாத்தின பிக்சலோட முதல் அடுக்கு கதிர்ல இருந்து 3 சென்டிமீட்டர்தான். அந்த 3 சென்டிமீட்டர் இல்லாம இந்த ரிசல்ட்டே இல்லைன்னு நான் சொல்வேன்.

2018 பேப்பர்ல ஒரு பிளாட் இருக்கும், அதை அவசியம் போடுங்க. மத்த பேக்ரவுண்டை கழிச்சப்புறம் 91 ஜிஇவி பக்கம் இசட் பி ஜோடியா உடைஞ்ச பெரிய மேடு, அதோட வலது சரிவுல தோள்பட்டை மாதிரி ஹிக்ஸ். தெரிஞ்ச இசட் சரியான இடத்துல வந்து நிக்குதுங்கறதாலதான் பக்கத்துல இருக்கறதை நம்பறோம். அட்லஸ் 5.4 சிக்மா (தற்செயலா வந்திருக்க வாய்ப்பு எவ்ளோ கம்மின்னு சொல்ற அளவு), சிஎம்எஸ் 5.6. டெவட்ரானையும் (அமெரிக்காவோட பழைய மோதல் மெஷின்) மறந்துடாதீங்க, 2011 செப்டம்பர்ல மெஷினை நிறுத்தினப்புறமும் இருந்த டேட்டாவை வச்சே 2012ல இதே சேனல்ல 3 சிக்மா அளவுக்கு காட்டினாங்க.

யுகாவா_ரசிகை:
ஃபெர்மியானா உடையுதான்னு ஏன் மெனக்கெடணும்ங்கற ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன். டபிள்யூ, இசட்டுக்கு நிறை வர்றதுக்காகத்தான் ஹிக்ஸ் புலமே வந்துச்சு, அது சமச்சீர் முறியறதுல இருந்து தானா விழுது. ஃபெர்மியானுக்கு அப்படி இல்லை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு யுகாவா எண்ணை (ஹிக்ஸோட எவ்ளோ வலுவா இணையும்ங்கற எண்) நாமளேதான் கையால போடறோம், ஏன் அந்த எண்ணுனு தியரி சொல்லாது. டபிள்யூவுக்கு நிறை கொடுக்கற அதே ஹிக்ஸ்தான் எலக்ட்ரானுக்கும் கொடுக்குதுன்னு இயற்கை நமக்கு எழுதிக் கொடுக்கலையே, அளந்துதான் பாக்கணும். குளுவான்ல (வலுவிசையைக் கடத்தற துகள்) இருந்து ஹிக்ஸ் பிறக்கறப்போ நடுவுல டாப் குவார்க் (எல்லாத்துலயும் கனமான குவார்க்) சுத்துது, அது மறைமுக சாட்சி. நேரடியா முதல்ல தெரிஞ்சது டாவ் (மியூவானை விட கனமான எலக்ட்ரான் உறவு), அட்லஸும் சிஎம்எஸும் எல்ஹெச்சியோட முதல் ஓட்ட டேட்டாவை சேர்த்து 2016ல 5.5 சிக்மா. டாப் ஜோடி கூட ஹிக்ஸ் வர்றது 2018ல.

எலக்ட்ரான் நிறை பாதியானா அணுவோட சைஸ் ரெட்டிப்பாகும், அதனால இது சும்மா டேபிள் நிரப்பற வேலை இல்லை. ஆனா நம்ம நிறை எல்லாமே ஹிக்ஸ் கொடுத்ததுன்னு மட்டும் செமினார்ல சொல்லிடாதீங்க ப்ளீஸ், புரோட்டான் நிறைல பெரும்பங்கு குளுவான், குவார்க் ஆற்றல்தான்.

கோடிங்பண்ணை:
நான் பிசிக்ஸ் இல்லை, ஆனா 2014ல அட்லஸ் ஆளுங்க ஹிக்ஸ் டாவ் டேட்டாவை கேகிள்ல (டேட்டா போட்டி நடத்தற தளம்) போட்டியா விட்டாங்க, ரெண்டரை லட்சம் சிமுலேஷன் நிகழ்வு, எது சிக்னல் எது பேக்ரவுண்ட்னு பிரிக்கணும். எக்ஸ்ஜிபூஸ்ட் (ஒரு மெஷின் லேர்னிங் கருவி) பேர் வெளில பரவினதுல அந்தப் போட்டிக்கு பெரிய பங்கு. ஸ்லைடுல ஒரு வரி போடுங்க, கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களும் நிமிந்து உக்காருவாங்க.

கோவைமாணவன்:
அக்கா அண்ணா எல்லாருக்கும் ரொம்ப நன்றி, வெள்ளைக் கல்லு உதாரணத்தை அப்படியே எடுத்துக்கறேன். டாப், பி, டாவ் மூணுமே மூணாவது தலைமுறை (ஃபெர்மியான்கள்ல கனமான குடும்பம்), ரெண்டாவது தலைமுறை என்னாச்சு?

சில்லுப்பிக்சல்:
மியூவான் 5000 ஹிக்ஸுக்கு ஒண்ணுதான் வரும். மியூவானை அழகா அளக்கலாம், ஆனா இசட் மியூவானா உடையற மலையோட அடிவாரத்துல ஒரு சின்ன புடைப்பைத் தேடணும். 2020ல சிஎம்எஸ் 3 சிக்மா, 2025ல அட்லஸ் 3.4. ரெண்டுமே ஆதாரம்தான், கண்டுபிடிப்புன்னு சொல்ல 5 வேணும், ஸ்லைடுல அந்த வார்த்தையை கவனமா போடுங்க. சார்ம் குவார்க் (இதுவும் ரெண்டாவது தலைமுறை) 100ல மூணு வருது, இருந்தும் சார்ம் ஜெட்டை பி ஜெட்ல இருந்தும் சாதா ஜெட்ல இருந்தும் பிரிக்கறது இன்னும் கஷ்டம், 2022ல சிஎம்எஸ் வச்ச வரம்பே தியரி மதிப்புல 14 மடங்குக்கு மேல இருக்காதுங்கற அளவுலதான் இருந்துச்சு. எலக்ட்ரான் பத்தி யாராவது கேட்டா, எல்ஹெச்சில இப்போதைக்கு எட்டாதுன்னு நேரா சொல்லிடுங்க.