மேண்டிலை உருக்குவது சூடா, அழுத்தக் குறைவா?

பம்பலப்பிட்டி வாசகன்:
வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் வகுப்பில் மகளுக்குக் கொடுத்த குறிப்பில் இப்படி ஒரு வரி: "புவியோட்டுக்குக் கீழே உருகிய பாறைக்குழம்பு கடல் போல் கிடக்கிறது, எரிமலை வழியே அதுதான் வெளியே வருகிறது." இது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பௌதிகப்பித்தன்:
பரீட்சைக்கு இது போதும். ஆழம் போகப் போகச் சூடு கூடுகிறது, ஓட்டுக்கு அடியில் உள்ள தடித்த படையான மேண்டிலில் 1,300 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் பாறை உருகாமல் என்ன செய்யும்?

கருங்கல்:
உருகாமல்தான் இருக்கிறது. நிலநடுக்கத்தின் எஸ் அலை திரவத்துக்குள் போகாது. ஆனால் மேண்டில் முழுவதையும், அதாவது சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை, கடந்து போகிறது. ஆகவே மேண்டில் திண்மம். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகரும் திண்மம், அவ்வளவுதான். காரணம் மேலே இருக்கும் பாரம். மேற்பரப்பில் 1,100 பாகையளவில் உருகத் தொடங்கும் பெரிடோடைட் (மேண்டிலின் மேற்பகுதி இந்தப் பாறைதான்), 100 கிலோமீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 1,450 பாகையைத் தாண்டினால்தான் உருகத் தொடங்கும். அங்கே வழக்கமாக அவ்வளவு சூடு கிடையாது.

பௌதிகப்பித்தன்:
சரி, திண்மம் என்றே வைப்போம். அப்போ மக்மா, அதாவது அந்தப் பாறைக்குழம்பு, எங்கிருந்து வருகிறது? பாறை மேலே ஏறுவதால் உருகுகிறது என்று சொல்லப் போகிறீர்கள். மேலே ஏறுவது விரியும், விரிவது குளிரும். குளிர்கிற பொருள் உருகுமா? பாலபாடத்திலேயே இடிக்கிறதே!

கருங்கல்:
கணக்கைப் போட்டுப் பாருங்கள், இடிக்காது. மேலேறும் பாறை கிலோமீட்டருக்கு அரைப் பாகைகூடக் குளிர்வதில்லை. அதே கிலோமீட்டருக்கு அது உருகத் தொடங்கும் வெப்பநிலை சுமார் மூன்று பாகை இறங்குகிறது. பாறையின் வெப்பநிலை, அது உருகத் தொடங்கும் வெப்பநிலை இரண்டையும் ஆழத்துக்கு எதிராக வரைந்தால், இரண்டு கோடுகளும் எங்கோ வெட்டிக்கொள்ளத்தான் வேண்டும். வெட்டிய இடத்தில் உருகல் ஆரம்பம். யாரும் புதிதாக அடுப்பு மூட்டவில்லை. புவித்தட்டுகள் விலகும் நடுக்கடல் முகடுகளின் கீழே நடப்பது இதுதான். ஆறேழு கிலோமீட்டர் தடிப்புள்ள கடலடி ஓடு இப்படித்தான் பிறக்கிறது.

சுமாத்திரா பக்கம் வேறு கதை. 2004 சுனாமியைக் கிளப்பிய அதே அமிழ்வு வலயம், அதாவது ஒரு தட்டு இன்னொன்றின் கீழே போகும் இடம். கீழே போகும் தட்டு, தன் கனிமங்களில் பிடித்து வைத்திருந்த நீரை மேலே உள்ள மேண்டிலுக்குள் விடுகிறது. நீர் சேர்ந்தால் பெரிடோடைட் சில நூறு பாகை குறைவாகவே உருகத் தொடங்கிவிடும். இத்தனைக்கும் உள்ளே போவது குளிர்ந்த தட்டு! சூடு மட்டுமே காரணம் என்றால் அங்கே எரிமலை வரிசையே இருக்கக் கூடாது. 1883 இல் வெடித்த கிரகட்டோவாவும் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

தெஹிவளைத் தம்பி:
கருங்கல் அண்ணா, இரண்டு சந்தேகம். பெரிடோடைட் உருகினால் பெரிடோடைட் குழம்புதானே வர வேண்டும், கடலடி ஓட்டில் இருக்கும் பசால்ட் என்ற எரிமலைப் பாறை எப்படி வருகிறது? அப்புறம், கன்னியா வெந்நீர் ஊற்றுக்குக் கீழே மக்மா இருக்கிறதா?

கருங்கல்:
கன்னியாவில் மக்மா இல்லை. மழைநீர் பிளவுகள் வழியே ஆழத்துக்குப் போய், அங்குள்ள சாதாரணப் புவிச்சூட்டில் சூடாகித் திரும்புகிறது. இலங்கையில் இயங்கும் எரிமலை எதுவும் கிடையாது.

முதல் கேள்விதான் முக்கியம். பாறை முழுசாக உருகுவதில்லை தம்பி. முகடுகளின் கீழே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் உருகும். கரும்பைப் பிழிந்தால் சாறு வேறு, சக்கை வேறு. எளிதில் உருகும் கனிமங்கள் முதலில் கரைந்து போகும், மக்னீசியம் நிறைந்த ஒலிவின் என்ற கனிமம் பிடிவாதமாக நிற்கும். அதனால் மேண்டில் பாறையில் 40 சதவீதத்துக்குக் கிட்ட இருக்கும் மக்னீசியம் ஒட்சைட்டு, பசால்ட்டில் 8 சதவீதமளவுக்கு இறங்கிவிடுகிறது. சிலிக்கா 45 இலிருந்து 50 அளவுக்கு ஏறுகிறது. ஒன்றிரண்டு சதவீதம் மட்டும் உருகினால், பொட்டாசியம், யுரேனியம், தோரியம் போல அந்தக் கனிமங்களுக்குள் அடங்காத மூலகங்கள் எல்லாம் அந்தச் சொட்டில் வந்து குவியும். கூட உருகினால் ஐதாகிவிடும். ஆகவே பசால்ட்டின் சேர்க்கையைப் பார்த்தே கீழே எவ்வளவு உருகியிருக்கும் என்று ஓரளவு மதிப்பிடலாம்.

சக்கையையும் பார்க்கலாம். மஸ்கட்டில் வேலை செய்த நம்மாட்களைக் கேளுங்கள், நகரைச் சுற்றி மரமே இல்லாத கபில நிற மலைகள் இருக்கும். அவற்றில் பல, கடலடியிலிருந்து தள்ளப்பட்டு நிலத்தில் ஏறிய மேண்டில் பாறைதான். வெயிலைத் திட்டியபடி அதைக் கடந்துதான் வேலைக்குப் போயிருப்பார்கள்.

பௌதிகப்பித்தன்:
சக்கை இருக்கட்டும், ஹவாய் எங்கே போனது? அது தட்டின் நடுவில் இருக்கிறது. விலகும் முகடும் இல்லை, அமிழும் தட்டும் இல்லை. கீழிருந்து வரும் பாறை சுற்றியுள்ளதைவிட 200 பாகையளவில் கூடுதல் சூடு, அதனால்தான் எரிமலை. 250 கோடி ஆண்டுகளுக்கு முந்திய கொமாட்டியைட் என்ற எரிமலைக் குழம்பு 1,600 பாகையளவில் ஓடியது. இன்று அப்படி வருவதில்லை, ஏன்? மேண்டில் ஆறிவிட்டது.

கருங்கல்:
ஹவாயிலும் பாறை மேலேறும்போதுதான் உருகுகிறது. சூடு கூட என்பதால் இன்னும் ஆழத்திலேயே கோட்டைத் தாண்டுகிறது.

பௌதிகப்பித்தன்:
அந்தக் கூடுதல் சூடு இல்லையென்றால் தாண்டவே தாண்டாது! மேலே தடித்த தட்டு மூடிக்கொண்டு இருக்கிறது. சாதாரண மேண்டில் அதன் அடிவரை வந்து உருகாமல் நின்றுவிடும். உங்கள் கணக்குப்படியே சொல்கிறேன்.

கருங்கல்:
ஹவாய்க்கு அது பொருந்தும். முகடுகளுக்குப் பொருந்தாது. உலகின் மக்மாவில் பெரும்பங்கு முகடுகளில்தான் வருகிறது.

பம்பலப்பிட்டி வாசகன்:
இரண்டு பேருக்கும் நன்றி. பரீட்சையில் எதை எழுதினால் புள்ளி வரும், அதை மட்டும் சொல்லுங்கள்.

பௌதிகப்பித்தன்:
மேண்டில் திண்மம் என்று எழுதச் சொல்லுங்கள். ஹவாய் கேட்டால் சூடு என்று எழுதட்டும்.