ஆர்க்டிக் மங்கீஸ் முதல் ஆல்பம்: ஷெஃபீல்ட் தெரியாம கேட்டா முழுசா புரியுமா?

மழைக்கால_ரெக்கார்ட்:
ஆர்க்டிக் மங்கீஸ்ங்கற இங்கிலாந்து ராக் பேண்டோட 2006-ல வந்த 'வாட்எவர் பீப்பிள் சே ஐ ஆம், தட்ஸ் வாட் ஐம் நாட்' ஆல்பத்தை இப்பதான் ஒழுங்கா உக்காந்து கேக்கறேன். கிட்டாரும் டிரம்ஸும் சும்மா அடிச்சு தூக்குது. ஆனா எங்க பாத்தாலும் இதை அவங்க சொந்த ஊரான ஷெஃபீல்டோட ஆல்பம்னு சொல்றாங்க, எனக்கு ஊரே கண்ணுல படல. ஊரைப் பத்தின ஆல்பம்னா ஆறு, ஸ்டீல் ஆலை, கொஞ்சம் ஊர்ப்பெருமை எல்லாம் வரும்னு நெனச்சேன், இதுல பாதி பாட்டு கிளப் வாசல்லயும் டாக்ஸிலயுமே போயிடுது. எதை மிஸ் பண்றேன்? எந்தப் பாட்டுல ஆரம்பிக்கலாம்?

பேஸ்லைன்:
அந்த கிளப் வாசலும் டாக்ஸியும்தாங்க அவங்க ஊர். ஷெஃபீல்டோட வடக்கு ஓரத்துல ஹை கிரீன்னு ஒரு பகுதி, அங்க வளந்த பசங்க, இந்த பாட்டெல்லாம் எழுதும்போது இருபது வயசு கூட ஆகல. அந்த வயசுல ஊர்னா சனிக்கிழமை ராத்திரி டவுனுக்குள்ள போறது, பவுன்சர்கிட்ட மல்லுக்கட்டறது, திரும்பி வீடு வந்து சேர்றது, அவ்ளோதான். 'ரெட் லைட் இண்டிகேட்ஸ் டோர்ஸ் ஆர் செக்யூர்டு' கேளுங்க, ஆறு பேரை ஏத்திக்குவீங்களான்னு டாக்ஸிக்காரர்கிட்ட பேரம் பேசறதுல ஆரம்பிக்கும், டைட்டில்ல வர்ற சிவப்பு லைட்டு டாக்ஸி கதவு லாக் ஆயிடுச்சுன்னு காட்டுற லைட்டு. அந்த லைட்டைக் கவனிச்சு பாட்டா எழுதணும்னு எத்தனை பேருக்குத் தோணும்? ஊர்ப்பெருமை பாடறவங்களுக்கு இதெல்லாம் கண்ணுலயே படாது.

கேசட்_காலம்:
எனக்கு இதுல முழு உடன்பாடு இல்ல. லீட்ஸோ நியூகாசிலோ, எந்த ஊர் பசங்களுக்கும் சனிக்கிழமை ராத்திரி இதேதான். ஆல்பம் டைட்டிலே நாட்டிங்ஹாம்ல நடக்கற ஆலன் சில்லிட்டோ நாவல்ல இருந்து எடுத்தது. நிஜமா ஷெஃபீல்ட் வேணும்னா அதே ஊர்ப் பாடகர் ரிச்சர்ட் ஹாலியோட 'கோல்ஸ் கார்னர்' (2005) கேளுங்க. கோல் பிரதர்ஸ்னு ஒரு பெரிய கடை இருந்த முனை அது, காலங்காலமா ஊர்க்காரங்க ஜோடியா சந்திச்சுக்கற இடம், கடை அங்க இருந்து போனப்புறமும் பேரு நின்னுடுச்சு. அந்தப் பாட்டைக் கேட்டா அந்த முனையில நாமளே யாருக்கோ காத்து நிக்கற மாதிரி இருக்கும்.

பேஸ்லைன்:
ஹாலி பெரிய ஆளு, அதுல சண்டையே இல்ல. வருஷத்தோட சிறந்த ஆல்பத்துக்குக் குடுக்கற பிரிட்டிஷ் விருதான மெர்குரி பிரைஸோட 2006 பட்டியல்ல இந்த ரெண்டு ஆல்பமும் இருந்துச்சு, ஜெயிச்சது மங்கீஸ், ஆனா மங்கீஸ் பாடகர் அலெக்ஸ் டர்னர் மேடையேறினதும் ஹாலிக்கு சேர வேண்டியதைப் பறிச்சுட்டாங்கன்ற மாதிரிதான் பேசினாரு.

நீப்செண்ட்_வாசி:
அங்க கொஞ்ச காலம் இருந்தவன்ற முறையில சொல்றேன், இடங்கள் உள்ளயே இருக்கு, பேரா கொஞ்சம்தான் வரும். 'ஃபேக் டேல்ஸ் ஆஃப் சான் பிரான்சிஸ்கோ'ல அமெரிக்கா அமெரிக்கான்னு பீத்திக்கறவன் ஹன்டர்ஸ் பார் ஆளு, அது நடுவுல பழைய சுங்கச்சாவடி கல்தூண் நிக்கற ஒரு ரவுண்டானா. இன்னொருத்தன்கிட்ட நீ நியூயார்க் இல்லடா, பக்கத்து ராதர்ஹாம்னு டர்னர் நேராவே சொல்லிடுவாரு. 'வென் தி சன் கோஸ் டவுன்' நீப்செண்ட் ஏரியா, டான் ஆத்தோரமா பழைய பட்டறைங்க இருக்கற இடம், இவங்க ரிகர்சல் ரூம் அங்கதான். ராத்திரி ரோட்டுல நிக்கற பொண்ணு, மெதுவா வந்து ஒதுங்கற ஃபோர்டு மாண்டியோ கார், எல்லாமே ரூமை விட்டு வெளிய வந்தா பாக்கறது. இப்ப அங்க அபார்ட்மெண்ட், பார்னு ஆளே மாறிப்போச்சு, அதனாலேயே அந்தப் பாட்டு எனக்கு இன்னும் முக்கியம்.

ஆனா ஆரம்பிக்கணும்னா கடைசிப் பாட்டு 'எ செர்டன் ரொமான்ஸ்'ல ஆரம்பிங்க. டிராக் பேண்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகிட்டுத் திரியற ஊர்ப் பசங்களைத் திட்டிக்கிட்டே போவாரு, போகப் போக அதுல சிலர் நம்ம பழைய நண்பனாச்சே, கோவப்பட முடியலயேன்னு நின்னுடுவாரு, அதுக்கப்புறம் வார்த்தையே கெடையாது, வெறும் கிட்டார்தான். சொந்த ஊர் ஆளு மேல மட்டும்தாங்க அப்படி ஒரே மூச்சுல எரிச்சலும் பாசமும் வரும், வெளியூர்க்காரனால இதை எழுதவே முடியாது.

மழைக்கால_ரெக்கார்ட்:
சாக்ஸ் மேட்டர் காதுல விழுந்துச்சு, ஏதோ கிண்டல்னு தாண்டிப் போயிட்டேன். இன்னிக்கு நைட்டு கடைசிப் பாட்டுல ஆரம்பிச்சு பின்னாடியே வரேன், அப்புறம் ஹாலி. அவரோட அடுத்த ஆல்பங்கள்லயும் இதே மாதிரி ஊர் இருக்கா?

கேசட்_காலம்:
இருக்கு. 'லேடிஸ் பிரிட்ஜ்' (2007), அது டான் ஆத்து மேல இருக்கற பாலம். நீங்க கேட்ட ஆறு, பாலம் ரெண்டும் அதுல கெடைச்சிடும்.