பழைய டிவிடி, புது 4கே டிவி: ப்ளூ-ரே பக்கம் போகலாமா?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. வீட்டில் புதிதாக 55 அங்குல 4கே டிவி வாங்கியிருக்கிறோம். என்னிடம் அலமாரி நிறைய டிவிடி இருக்கிறது. பழைய டிவியில் பளிச்சென்று தெரிந்த அதே டிஸ்க்குகள் இதில் மழுங்கலாகத் தெரிகின்றன. ஓடிடியில் படம் கூர்மையாகத்தான் வருகிறது. ஆனால் இருட்டுக் காட்சி வந்துவிட்டால் பின்னால் இருக்கிற சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாகத் திட்டு. அதோடு பிறகு பார்க்கலாம் என்று பட்டியலில் போட்டு வைத்த படங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. பிடித்த படங்களையாவது டிஸ்க்காக வாங்கி வைத்துக்கொள்ள ஆசை.

எனக்குச் சில சந்தேகங்கள். இப்போது ப்ளூ-ரே வாங்குவதா, 4கே டிஸ்க்கே வாங்குவதா? வீட்டில் ஒரு விளையாட்டுக் கன்சோல் இருக்கிறது, ப்ளூ-ரே ஓடுகிறது, ஆனால் நண்பர் கொடுத்த 4கே டிஸ்க்கைப் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறது. ஏன்? ரீஜன் என்கிறார்களே, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஓடுமா? அப்புறம், தெரிந்தவர் ஒருவர் எச்.டி. டிவிடி என்று ஒரு பெட்டி நிறையத் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

பதில் 1

முதலில் டிவிடி ஏன் மழுங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் மற்ற முடிவுகள் தானாக வரும். டிவிடியில் இருப்பது 720 × 576 புள்ளிகள், சில நாடுகளின் டிஸ்க்கில் 720 × 480. உங்கள் டிவியில் 3840 × 2160. கணக்குப் போட்டால் டிவிடியின் ஒரு புள்ளிக்கு டிவி இருபது புள்ளியை நிரப்ப வேண்டும். பத்தொன்பது புள்ளி ஊகம். முகத்தில் இருக்கிற சுருக்கமும் துணியின் நெசவும் அந்த ஊகத்தில்தான் கரைந்து போகின்றன. ப்ளூ-ரேயில் 1920 × 1080 இருப்பதால் ஒரு புள்ளிக்கு நாலுதான். நல்ல டிவி இதை அருமையாகச் செய்துவிடும். அதனால் சாதாரண ப்ளூ-ரே 4கே டிவியில் பாழாகிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

அந்தச் சுவர்த் திட்டு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நான் டிஸ்க் பக்கம் நிற்பதற்கு அதுதான் காரணம். இருட்டில் ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சம் சுவரில் மெல்ல மெல்லக் குறைந்து கறுப்பில் போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளிப்பதிவாளர் உயிரைக் கொடுத்து எடுத்திருப்பார். ஓடிடியில் 4கே படம் பெரும்பாலும் நொடிக்கு 15இலிருந்து 25 மெகாபிட்டுக்குள் வந்து சேர்கிறது. அந்த அளவுக்குள் அடக்க, கண் முதலில் கவனிக்காது என்று கருதுகிற இடத்தில் கை வைக்கிறார்கள். அது இருட்டு. 4கே டிஸ்க்கில் நொடிக்கு 128 மெகாபிட் வரை போகலாம். சாதாரண ப்ளூ-ரேயில் படத்துக்கு மட்டுமே 40 வரை உண்டு. (ப்ளூ-ரேயின் சுருக்கமுறை பழையது, ஆகவே இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடியாது. இருந்தாலும் இருட்டுக் காட்சியில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.) சத்தமும் அப்படியே. டிஸ்க்கில் ட்ரூ எச்.டி., டி.டி.எஸ். எச்.டி. மாஸ்டர் ஆடியோ என்று ஒரு பிட்டும் இழக்காத ஒலி இருக்கும். ஓடிடியில் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருகிற முறை) என்று போட்டிருந்தாலும் அடியில் இருப்பது சுருக்கிய ஒலிதான்.

கன்சோல் விஷயம் எளிது. ப்ளூ-ரே 2006இல் வந்தது, ஒரு அடுக்கில் 25 ஜிபி, இரண்டு அடுக்கில் 50. 4கே டிஸ்க் 2016இல் வந்தது, அதில் 66, 100 ஜிபி டிஸ்க்குகளும் உண்டு, மூன்று அடுக்கு வரை போகும். அதை வாசிக்க அதற்கென்று செய்த டிரைவ் வேண்டும். பிளேஸ்டேஷன் 4 வரிசையில் எதிலும் அது கிடையாது, ப்ரோ உட்பட. டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், ஒன் எக்ஸ், சீரிஸ் எக்ஸ் ஆகியவற்றில் உண்டு. ஒரு குறை, இந்தக் கன்சோல்களில் டிஸ்க் போட்டால் டால்பி விஷன் வராது, எச்.டி.ஆர். 10 மட்டும்தான். (எச்.டி.ஆர். என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவில் அதிக வீச்சைக் காட்டுகிற முறை. 10 அதன் அடிப்படை வகை, டால்பி விஷன் காட்சிக்குக் காட்சி சரிசெய்துகொள்கிற வகை.) படம் பார்ப்பதுதான் முக்கியம் என்றால் தனி பிளேயர் வாங்குங்கள். கருவி இரைகிற சத்தமும் குறைவு, ரிமோட்டும் ஒழுங்காக இருக்கும்.

ரீஜன் என்றால் உலகின் ஒரு பகுதிக்கு விற்ற டிஸ்க் வேறு பகுதி பிளேயரில் ஓடாதபடி போடுகிற பூட்டு. சாதாரண ப்ளூ-ரேக்கு ஏ, பி, சி என்று மூன்று. அமெரிக்கா, ஜப்பான், கொரியா, தென்கிழக்கு ஆசியா எல்லாம் ஏ. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா பி. இந்தியா, சீனா, ரஷ்யா சி. பெட்டியின் பின்புறம் சின்ன அறுகோணத்துக்குள் எழுத்து போட்டிருக்கும். ஆனால் பூட்டுவது தயாரிப்பாளர் விருப்பம், பல டிஸ்க்குகள் எல்லா ரீஜனிலும் ஓடும். 4கே டிஸ்க்குக்கு ரீஜனே கிடையாது, எங்கிருந்தும் வரவழைக்கலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: அதே பெட்டியில் கூடவே வருகிற சாதாரண ப்ளூ-ரேயில் பூட்டு இருக்கலாம். கூடுதல் காட்சிகள், பேட்டிகள் எல்லாம் பல சமயம் அதில்தான் இருக்கும்.

எச்.டி. டிவிடி பெட்டி வேண்டாம். அது ப்ளூ-ரேயோடு போட்டி போட்டுத் தோற்ற டிஸ்க் வகை. நல்ல தொழில்நுட்பம்தான், ப்ளூ-ரே போலவே 405 நானோமீட்டர் லேசர், ரீஜன் பூட்டே கிடையாது, 30 ஜிபி வரை பிடிக்கும். ஆனால் 2008 ஜனவரியில் படநிறுவனமான வார்னர் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்ததும் ஆட்டம் முடிந்தது, பிப்ரவரியில் அதை முன்னின்று நடத்திய தோஷிபா நிறுத்திவிட்டது. ப்ளூ-ரே பிளேயர் அதை வாசிக்காது. இரண்டையும் வாசிக்கிற கருவி 2007 வாக்கில் ஒன்றிரண்டு வந்ததோடு சரி. டிஸ்க்கின் அடுக்குகள் பிரிந்து வாசிக்க முடியாமல் போவதும் அந்தக் காலத்து டிஸ்க்குகளில் நடக்கிறது. சிவப்புப் பெட்டியைப் பார்த்தால் எச்.டி. டிவிடி, நீலம் ப்ளூ-ரே, கறுப்பு 4கே. பழைய டிஸ்க் தேடும்போது பெட்டியின் முதுகைப் பார்த்தே பிரித்துவிடலாம்.

பதில் 2

மேலே சொன்னவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எதை 4கேயில் வாங்குவது, எதை ப்ளூ-ரேயில் வாங்குவது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், பணம் வீணாகக் கூடாது.

55 அங்குல டிவியை 7 அடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்து பார்த்தால், சாதாரணப் பார்வை உள்ளவருக்கு 1080 வரிப் படத்தின் புள்ளியே தனியாகத் தெரியாது. அப்போது 4கேயின் கூடுதல் புள்ளிகளால் பெரிய லாபமில்லை. லாபம் வேறு இடத்தில். ப்ளூ-ரேயில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 4கே டிஸ்க்கில் 1024. அதோடு எச்.டி.ஆர். நெருப்பு, தெருவிளக்கு, தண்ணீரில் வெயில் பட்டுத் தெறிப்பது, இந்த மாதிரி இடங்களில்தான் 4கே தன் வேலையைக் காட்டும்.

இன்னொன்று, பெட்டியில் 4கே என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். 2000க்குப் பிறகு டிஜிட்டலில் முடித்த எத்தனையோ படங்களின் மூலப் பிரதியே (மாஸ்டர் என்பார்கள்) 2கேதான், அதாவது ஏறக்குறைய ப்ளூ-ரே அளவு புள்ளிகள்தான். அதைப் பெரிதாக்கித்தான் 4கே டிஸ்க்காகப் போட்டிருப்பார்கள். அதற்கு மாறாக, 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்த பழைய படத்தை மூல நெகட்டிவிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்திருந்தால், அறுபது வருடத்துக்கு முந்தைய படம்கூட இன்று வந்த படத்தை விட நுணுக்கமாக இருக்கும். பிலிமின் மணிமணியான துகள் திரையில் தெரிய வேண்டும். அது கோளாறு அல்ல, அதில்தான் படமே இருக்கிறது. அதைக் கணினி வைத்துத் துடைத்தெடுத்த டிஸ்க்கில் நடிகர்கள் எல்லாரும் மெழுகு பொம்மையாகிவிடுவார்கள். எனவே வாங்குவதற்கு முன் எந்த மாஸ்டரிலிருந்து, எந்த வருடம் எடுத்தது என்று விமர்சனங்களில் தேடிப் பாருங்கள். அதே படத்துக்கு இரண்டு மூன்று வெளியீடுகள் இருக்கும், மோசமான மாஸ்டரை 4கே பெட்டியில் போட்டதை விட நல்ல மாஸ்டரில் வந்த ப்ளூ-ரே மேல்.

பழைய டிஸ்க் வாங்கினால் அடிப்பக்கத்தை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். டிவிடியில் தகவல் அடுக்கு 0.6 மில்லிமீட்டர் உள்ளே இருக்கும், ப்ளூ-ரேயில் 0.1 மில்லிமீட்டர்தான். மேலே கடினப் பூச்சு இருப்பதால் லேசில் கீறாது, ஆனால் ஆழமாகக் கீறிவிட்டால் டிவிடியைத் தேய்த்துச் சரிசெய்வது போல இதைச் செய்ய முடியாது.

கேட்டவர்

இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. தனி 4கே பிளேயர் வாங்கிவிட்டேன். டிவிடிகளையும் அதிலேயே போடுகிறேன், பழைய பிளேயரை விட நன்றாகவே இருக்கிறது. இரண்டு பிரச்சினை. எச்.டி.ஆர். டிஸ்க் போட்டாலும் டிவியில் எச்.டி.ஆர். என்று காட்டவில்லை. அதோடு புது டிஸ்க் ஒன்று படத்தின் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் உறைந்து நிற்கிறது. இடையில் யாரோ ப்ளூ-ரேயையே நிறுத்தப் போகிறார்கள் என்று வேறு சொன்னார். கேட்டதும் மனது கஷ்டமாகிவிட்டது.

பதில் 3

கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். 2025 பிப்ரவரியில் சோனி நிறுத்தியது நாமே எழுதிக்கொள்கிற வெற்று டிஸ்க்கை. படம் அச்சிட்டு விற்கிற டிஸ்க் வேறு, அது அதில் சேராது. பிளேயர் செய்கிறவர்கள் குறைந்தது உண்மை. ஓப்போ 2018இல் விலகியது, சாம்சங் 2019இல் அமெரிக்காவில் புது மாடல் விடுவதை நிறுத்தியது. அதனால் இருக்கிற பிளேயரைத் தூசி படாமல், காற்றோட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 1

தம்பி, எச்.டி.ஆர். வராததற்குப் பெரும்பாலும் காரணம் டிவிதான். பல டிவிகளில் ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. துளைக்கும் முழு வேகத்தைத் தனியாகத் திறந்துவிட வேண்டும். மேம்பட்ட வடிவம், அல்ட்ரா எச்.டி. வண்ணம் என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அந்தத் துளைக்கு அதை இயக்குங்கள். அப்புறம் கேபிள். பெட்டியில் கிடந்த பழைய கேபிளைப் போட்டிருந்தால் மாற்றுங்கள். நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும் என்று சான்று உள்ளது போதும், அதற்கு மேல் காசைக் கொட்ட வேண்டாம். நடுவில் சவுண்ட்பார் இருந்தால் அதுவும் எச்.டி.சி.பி. 2.2 (நகலெடுப்பதைத் தடுக்கிற பூட்டு) தாங்க வேண்டும். சவுண்ட்பாரை டிவி வழியாக இணைத்திருந்தால் டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு ஒலி போகிற வழியான பழைய ஏ.ஆர்.சி.யில் ட்ரூ எச்.டி. போகாது, அதன் புது வடிவமான ஈ.ஏ.ஆர்.சி. வேண்டும். பிளேயர் மெனுவில் இரண்டாம் ஒலி (மெனு ஓசை, விளக்கவுரை போன்றவற்றைப் படத்தின் ஒலியோடு கலப்பது) என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிட்டு பிட்ஸ்ட்ரீம், அதாவது டிஸ்க்கில் உள்ள ஒலியை அப்படியே அனுப்புவது, என்று வையுங்கள். அணைக்காவிட்டால் சில பிளேயர்கள் முழு ஒலியை அனுப்பாமல் சுருக்கி அனுப்பும்.

இத்தனை செலவு செய்துவிட்டு டிவியில் அசைவை வழவழப்பாக்கும் செட்டிங்கை அப்படியே விட்டு வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். சினிமா நொடிக்கு 24 பிரேம். டிவி தானாக நடுவில் பிரேம் செய்து சொருகினால் படம் சீரியல் ஆகிவிடும். அதை அணையுங்கள், பிளேயரில் 24 பிரேம் வெளியீட்டை இயக்குங்கள், டிவியில் ஃபிலிம்மேக்கர் மோடு (படத்தை எடுத்தவர் நினைத்தபடி காட்டுகிற செட்டிங்) இருந்தால் அதை வையுங்கள். முதல் நாள் கொஞ்சம் மஞ்சளாகவும் மங்கலாகவும் தோன்றும். விளக்கை அணைத்துவிட்டு ஒரு முழுப் படம் பாருங்கள், கண் பழகிவிடும்.

உறைகிற டிஸ்க்கை எடுத்து விளக்கில் சாய்த்துப் பாருங்கள். புது டிஸ்க்காக இருந்தாலும் விரல் ரேகையோ, அச்சுக்கூடத்தில் ஒட்டிய மெல்லிய எண்ணெய்ப் படலமோ இருக்கும். தகவல் அடுக்கு மேற்பரப்புக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதால், மேலே விழுகிற லேசர் வட்டமே மிகச் சிறியது. டிவிடி பொருட்படுத்தாத கறை இதில் லேசரை மறைத்துவிடும். மூன்று அடுக்கு டிஸ்க்கில் இந்தத் தொந்தரவு இன்னும் அதிகம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, விரல் நுனியால் லேசாகக் கழுவி, மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். அந்தத் திசையில் கீறல் விழுந்தால் லேசர் போகிற பாதையோடு நீளமாக ஓடும், பிளேயரின் பிழைதிருத்தத்தால் அதை ஈடுகட்ட முடியாது. நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். பிளேயரை இணையத்தில் இணைத்து மென்பொருளையும் புதுப்பித்துவிடுங்கள்.

இதற்கு அப்புறமும் அதே இடத்தில் நின்றால், நண்பர் வீட்டு பிளேயரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் நின்றால் டிஸ்க்கில்தான் கோளாறு, நிற்கிற நிமிடத்தைக் குறித்துக் கொடுத்து மாற்றிக் கேளுங்கள். அங்கே ஓடி உங்கள் வீட்டில் மட்டும் நின்றால் இங்கே எழுதுங்கள். எந்த நிமிடம், எத்தனை ஜிபி டிஸ்க் என்பதையும் சேர்த்து எழுதினால் அடுக்கு மாறுகிற இடமா என்று பார்த்துச் சொல்கிறேன்.