வெல்டிங் போட்டால் பெட்டி உறைகிறது: எர்த்தா, என் சீரியல் டிரைவரா?

மணலி_வயர்

வணக்கம். மணலியில் ஒரு லாரி எடை மேடைக்கு டேட்டா பெட்டி செய்து கொடுத்திருக்கிறேன். இண்டிகேட்டர் (எடை காட்டும் கருவி) 9600 பாடில் (வினாடிக்கு 9600 பிட்) எடையை விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆர்எக்ஸ் (பெறும் வயர்), கிரவுண்ட் என இரண்டே வயர். யூஆர்ட் (சீரியல் சிக்னலைப் பைட்டாக்கும் சர்க்யூட்) எஃப்பிஜிஏ சிப்புக்குள் இருக்கிறது, வந்த பைட்கள் காத்திருக்க 16 பைட் ஃபிஃபோ. லினக்ஸ் டிரைவர் நான் எழுதியது.

மூன்று வருடம் சிங்கிள் கோர் போர்டில் ஓடியது. போன மாதம் நான்கு கோர் போர்டுக்கு மாறினோம். அன்றிலிருந்து பக்கத்து ஷெட்டில் வெல்டிங் ஆரம்பித்தால் பெட்டி உறைந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் பிங் வரும், அப்புறம் அதுவும் நின்றுவிடும். நேற்று கன்டெய்னர் லாரிகள் கேட்டைத் தாண்டி ரோடு வரை நின்றன. டிரைவர்கள் (என் டிரைவர் இல்லை, லாரி டிரைவர்கள்) ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. எலக்ட்ரீஷியன் எர்த் சரியில்லை என்கிறார். முதலாளி என்னைக் கை காட்டுகிறார்.

இன்டரப்ட் ஹேண்ட்லர் (பைட் வந்ததும் ஓடும் கோட்) செய்வது: போர்ட் லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் போர்ட்டைத் தொட விடும் பூட்டு) எடுக்கும், ஸ்டேட்டஸ் படிக்கும், ஃப்ரேமிங் எரர் (எழுத்தின் முடிவு பிட் சரியாக வராதது) இருந்தால் டெவ்_வார்ன் (கர்னல் எச்சரிக்கைச் செய்தி) போடும், பைட்டை எடுக்கும், லாக்கை விடும்.

ராயபுரம்_ரூட்

பூட் வரியில் கன்சோல் (கர்னல் செய்திகள் போகும் இடம்) எந்த போர்ட்?

மணலி_வயர்

அதே போர்ட்தான் அண்ணா. டெவலப் செய்தபோது போட்டது. டிஎக்ஸ் (அனுப்பும்) வயரே இல்லை, யாருக்குத் தொந்தரவு என்று விட்டுவிட்டேன்.

ராயபுரம்_ரூட்

மாட்டிக்கொண்டது அங்கேதான் தம்பி. வெல்டிங் இரைச்சலில் ஃப்ரேமிங் எரர் வருகிறது. ஹேண்ட்லர் போர்ட் லாக்கைக் கையில் வைத்துக்கொண்டே டெவ்_வார்ன் போடுகிறது. அந்தச் செய்தி கன்சோலுக்குப் போகும். கன்சோல் ரைட் அதே போர்ட் லாக்கைக் கேட்கும். லாக்கை வைத்திருப்பவனே அதற்காகக் காத்திருக்கிறான். சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டுகிற கதை. அந்த கோர் இன்டரப்ட் அணைந்த நிலையில் சுற்றிக்கொண்டே இருக்கும். மற்ற கோர்கள் அதன் பதிலுக்குக் காத்து ஒவ்வொன்றாக நிற்கும்.

பழைய கர்னலை எஸ்எம்பி (பல கோர் ஆதரவு) இல்லாமல் கம்பைல் செய்திருப்பீர்கள். அதில் ஸ்பின்லாக் (இந்த வகை லாக்) வெறும் பெயருக்குத்தான், யாரையும் காத்திருக்க வைக்காது. அதனால் தப்பு வெளியே தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். பழைய போர்டில் எடை நடுநடுவே தாறுமாறாக வந்ததா? 9600இல் ஒரு எழுத்துக்கு ஒரு மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். 50 எழுத்துச் செய்தியை ஹேண்ட்லருக்குள்ளேயே அனுப்பி முடிக்க 50 மில்லிசெகண்ட். உங்கள் ஃபிஃபோ 17 மில்லிசெகண்டில் நிரம்பிவிடும், அதற்கு மேல் வரும் எடை பைட்கள் தொலைந்துபோகும்.

மணலி_வயர்

வந்தது! இண்டிகேட்டர் கோளாறு என்று அதை இரண்டு முறை மாற்றினோம். கடவுளே.

பேசின்பிரிட்ஜ்_பைட்

சுலப வழி: கன்சோல் ரைட்டில் ட்ரைலாக் போடுங்கள். லாக் கிடைக்காவிட்டால் லாக் இல்லாமலே எழுதட்டும்.

ராயபுரம்_ரூட்

வேண்டாம் ப்ரோ. அது கர்னல் விழுகிற நேரத்துக்கு, ஊப்ஸ்_இன்_புரோகிரஸ் என்ற எண் உயர்ந்திருந்தால் மட்டும். எப்போதும் அப்படிச் செய்தால் இரண்டு கோர்கள் ஒரே ரெஜிஸ்டரில் ஒரே நேரத்தில் எழுதும். லாக் எதற்கு அப்புறம்?

தம்பி, டெவ்_வார்னைத் தூக்கிவிட்டு ஐகவுண்டில் (போர்ட்டின் எண்ணிக்கைப் பட்டியல்) ஃப்ரேம் எண்ணை ஒன்று கூட்டுங்கள், அவ்வளவுதான். லினக்ஸோடு வரும் 8250 சீரியல் டிரைவரும் எண்ணத்தான் செய்கிறது, அச்சடிப்பதில்லை. ப்ராக் அடைவில் டிடிஒய், அதற்குள் டிரைவர் என்று போனால் எஃப்இ என்ற எண்ணில் தெரியும். பூட் வரியிலிருந்து கன்சோலையும் எடுங்கள். செட்_டெர்மியோஸில் (போர்ட்டின் வேகம் முதலியவற்றை மாற்றும் ஃபங்ஷன்) லாக்கை எப்படி எடுக்கிறீர்கள்?

மணலி_வயர்

வெறும் ஸ்பின்_லாக்.

ராயபுரம்_ரூட்

அதுவும் ஒரு நாள் கடிக்கும். லாக் கையில் இருக்கும்போது அதே கோரில் இன்டரப்ட் வந்தால் ஹேண்ட்லர் அதே லாக்கில் மாட்டும். இன்டரப்ட்டையும் சேர்த்து அணைக்கும் ஐஆர்க்யூசேவ் வடிவத்துக்கு மாற்றுங்கள். ஆனால் ஸ்டார்ட்_டிஎக்ஸில் (அனுப்பத் தொடங்கும் ஃபங்ஷன்) லாக் எடுக்காதீர்கள். கர்னலின் சீரியல் கோர் என்ற பகுதி லாக்கை எடுத்துக்கொண்டுதான் அதைக் கூப்பிடுகிறது. மேசையில் ஒரு முறை லாக்டெப் (லாக் தவறுகளைப் பிடிக்கும் கர்னல் கருவி) போட்டு ஓட்டிப் பாருங்கள், கன்சோலை வேறு இடத்தில் வைத்து.

மணலி_வயர்

லாக்டெப் செட்_டெர்மியோஸைத்தான் முதலில் பிடித்தது. எல்லாம் மாற்றி இன்று மதியம் மாட்டினேன். வெல்டிங் நாலு மணி நேரம் ஓடியது. எஃப்இ 212, பெட்டி நிற்கவில்லை. எண்ணைக் காட்டியதும் எலக்ட்ரீஷியன் "நான்தான் சொன்னேனே" என்று எர்த் வயரை மாற்றக் கிளம்பிவிட்டார். அவர் சொன்னதும் சரிதான்.