கிளாசிக் எராவுல பாதி ஆட்ஆன் லோட் ஆகுது, பாதி ஆகல. குவெஸ்டி லிஸ்ட்லயே வரல

நடுஜாம_ஷாமன்:
வணக்கம் மக்களே. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் கேமோட பழைய வெர்ஷனான கிளாசிக் எரா ஆடுறேன், ஐரோப்பா சர்வர். பழைய லேப்டாப் மண்டையைப் போட்டுருச்சு, புதுசுல கேமை இன்ஸ்டால் பண்ணிட்டு பழைய டிஸ்க்ல இருந்த இன்டர்ஃபேஸ் ஃபோல்டரை (ஆட்ஆன், அதாவது கேமுக்கு மேல போடுற துணை புரோகிராம் எல்லாம் இதுக்குள்ளதான்) பென்டிரைவ் வழியா கொண்டு வந்து போட்டேன். இப்ப நிலைமை என்னன்னா டீட்டெய்ல்ஸ் (டேமேஜ் கணக்கு காட்டுறது) நல்லா ஓடுது, டிபிஎம் (பாஸ் சண்டையில எச்சரிக்கை கொடுக்கிறது) இருக்கு ஆனா அதோட பாஸ் மாட்யூல் எல்லாம் லோட் ஆகாத மாதிரி மங்கலா இருக்கு, பேக்னான் (பை, பேங்க்ல இருக்கிறதைக் காட்டுறது) லிஸ்ட்ல சிவப்புல நிக்குது, குவெஸ்டி (குவெஸ்ட் இடத்தை மேப்ல காட்டுறது) லிஸ்ட்லயே காணோம். குவெஸ்டியை மட்டும் பழசா இருக்கேன்னு கிட்ஹப்ல போய் புது ஜிப் இறக்கி பழசை தூக்கிட்டு இதைப் போட்டேன், அதுக்கப்புறம்தான் மினிமேப்ல ஒரு ஆச்சரியக்குறி கூட இல்ல. கேஷ் ஃபோல்டரை டெலிட் பண்ணியாச்சு, ரீலோட் அடிச்சு அடிச்சு கை வலிக்குது. இன்னிக்கு ரெய்டு (கூட்டமா சேர்ந்து பாஸை அடிக்கிறது) இருக்கு, அங்க எட்டு மணி, நமக்கு ராத்திரி பன்னண்டரை. அதுக்குள்ள ஏதாவது வழி சொல்லுங்கப்பா.

ரோக்_மாரி:
கேரக்டர் செலக்ட் ஸ்க்ரீன்ல கீழ ஆட்ஆன்ஸ் பட்டன், அதுல மேல "லோட் அவுட் ஆஃப் டேட் ஆட்ஆன்ஸ்" டிக் பண்ணு. முடிஞ்சது கதை.

நடுஜாம_ஷாமன்:
அது ஏற்கனவே டிக்லதான் இருக்கு ப்ரோ. ஒரு மாற்றமும் இல்ல.

பழைய_பேலடின்:
மாரி சொன்ன டிக் எதுக்குன்னா, லிஸ்ட்ல பேர் வந்து பக்கத்துல "அவுட் ஆஃப் டேட்"னு காட்டுற ஆட்ஆனுக்கு மட்டும்தான். ஒவ்வொரு ஆட்ஆன் ஃபோல்டருக்குள்ளயும் ஒரு டிஓசி ஃபைல் இருக்கும், நோட்பேட்ல திறந்தா மேலயே இன்டர்ஃபேஸ்னு ஒரு நம்பர் இருக்கும், கேம் வெர்ஷன் 1.15.7ன்னா அது 11507. கேம் பேட்ச் ஆகி நம்பர் ஏறிடும், ஆட்ஆன் எழுதினவர் சாவகாசமா மாத்துவாரு, அந்த இடைவெளிக்குத்தான் அந்த டிக். உங்க பிரச்சினை அது இல்லவே இல்ல தம்பி.

எந்த ஆட்ஆன் மக்கர் பண்ணாலும் முதல்ல லிஸ்ட் என்ன சொல்லுதுன்னு பாருங்க, ரீலோட் அடிக்கிறது கேஷை அழிக்கிறது எல்லாம் அப்புறம். பேரே வரலன்னா கேமுக்கு அந்த ஃபோல்டர் கண்ணுல படவே இல்லன்னு அர்த்தம். பேர் வந்து சிவப்பா இருந்தா கண்ணுல பட்டுச்சு, ஆனா ஏதோ குறையுது. பேர் சரியா இருந்தும் ஸ்க்ரீன்ல ஒண்ணும் நடக்கலன்னா உள்ள இருக்கிற லுவா கோடுல எரர், அது வேற வைத்தியம். நீங்க சொன்ன நாலும் நாலு விதமா இருக்கு, எல்லாத்தையும் ஒரே நோயா நெனச்சா ராத்திரி பன்னண்டரை இல்ல, விடிஞ்சாலும் முடியாது.

குவெஸ்டி: கிட்ஹப்ல அந்த பச்சை பட்டனை அமுக்கி ஜிப் இறக்கியிருப்பீங்க. அப்படி இறக்கினா ஃபோல்டர் பேர் "குவெஸ்டி-மாஸ்டர்"னு வரும். கேம் என்ன பண்ணும்னா ஆட்ஆன்ஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டர் பேரையும் எடுத்துக்கிட்டு அதே பேர்ல உள்ள டிஓசி ஃபைல் இருக்கான்னு தேடும். ஃபோல்டர் பேர் குவெஸ்டி-மாஸ்டர், உள்ள இருக்கிற டிஓசி எல்லாம் வெறும் குவெஸ்டின்னு ஆரம்பிக்கும். பேர் ஒத்துப்போகல, அவ்வளவுதான், எரர் கூட காட்டாம தாண்டிப் போயிடும். ஃபோல்டர் பேர்ல அந்த வாலை நறுக்கிட்டா பல சமயம் ஓடிடும், ஆனா நான் அதை சொல்ல மாட்டேன், ஏன்னா நிறைய ஆட்ஆனுக்கு அந்த பச்சை பட்டன் ஜிப்ல அது ஓடத் தேவையான லைப்ரரி ஃபைல் எல்லாம் இருக்காது, ரிலீஸ் போடும்போதுதான் சேர்ப்பாங்க. வலது பக்கம் ரிலீஸஸ்னு இருக்கும், அங்க போய் குவெஸ்டி பேர் போட்ட ஜிப்பை இறக்குங்க, அங்கயும் கீழ "சோர்ஸ் கோட்"னு ஒண்ணு தொங்கும், அதைத் தொடாதீங்க. இன்னொண்ணு, விண்டோஸ்ல "எக்ஸ்ட்ராக்ட் ஆல்" கொடுத்தா அதுவே ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள ஃபோல்டர் வச்சிடும். கேம் ஒரு படி மட்டும்தான் உள்ள இறங்கும், வாசல்ல நிக்கிறவனைத்தான் பாக்கும், உள்ரூம்ல படுத்திருக்கிறவனை எழுப்பாது. ஆட்ஆன்ஸ், உள்ள குவெஸ்டி, அதுக்குள்ள நேரா டிஓசி. இதுதான் கணக்கு.

பேக்னான்: சிவப்பு வரி மேல மவுஸ் வச்சா "டிபென்டன்சி மிஸ்ஸிங்"னு வரும்னு நெனக்கிறேன். பேக்னான் தனியா ஓடாது, பேக்பிரதர்னு இன்னொரு ஃபோல்டர் கூடவே இருக்கணும், அது காப்பி ஆகாம விட்டுப் போயிருக்கும் இல்ல பேர் பார்த்து யாரோ தேவையில்லன்னு தூக்கியிருப்பாங்க. பேக்னானை முழுசா அழிச்சுட்டு ஜிப்ல வர்ற எல்லா ஃபோல்டரையும் சேர்த்துப் போடுங்க.

டிபிஎம்: அது கோளாறே இல்ல. பாஸ் மாட்யூல் எல்லாம் தேவைப்படும்போது மட்டும் லோட் ஆகுற மாதிரி எழுதியிருக்காங்க, மோல்டன் கோர் ரெய்டு உள்ள கால் வச்சதும் தானா வரும். அதை நோண்டாதீங்க.

முக்கியமா, கேம் ஓடிட்டு இருக்கும்போது புது ஃபோல்டர் போட்டா ரீலோட் அடிச்சாலும் தெரியாது. முழுசா எக்ஸிட் பண்ணிட்டு திரும்ப திறங்க. ரீலோட் எல்லாம் ஏற்கனவே லிஸ்ட்ல இருக்கிற ஆட்ஆனுக்கு மட்டும்தான் உதவும்.

பனிக்காட்டு_ட்ரூயிட்:
பேலடின் அண்ணை சொன்னதோட ரெண்டு விசயம் சொல்லுறன். முதல் எந்த ஃபோல்டருக்குள்ள போட்டனீங்கள் எண்டு பாருங்கோ. வார்கிராஃப்ட் ஃபோல்டருக்குள்ள _ரீடெய்ல்_, _கிளாசிக்_, _கிளாசிக்_எரா_ எண்டு தனித்தனியா கிடக்கும். கன பேர் கிளாசிக் எண்ட பேரைப் பாத்திட்டு நடுவில கிடக்கிறதுக்குள்ள போடுறவை, அது வேற கிளாசிக், எராவுக்கு கடைசிதான். சந்தேகம் எண்டால் கேமைத் திறக்கிற பேட்டில்நெட் ஆப்பில எராவைத் தெரிவு செய்து பிளே பட்டனுக்குப் பக்கத்தில இருக்கிற பல்சக்கரத்தை அமத்தி "ஷோ இன் எக்ஸ்ப்ளோரர்" குடுங்கோ, சரியான இடத்துக்கு அதுவே கூட்டிக்கொண்டு போகும். உங்களுக்கு டீட்டெய்ல்ஸ் ஓடுறபடியால் இடம் சரியாத்தான் இருக்கும், பிறகு வாசிக்கிற ஆக்களுக்காகச் சொல்லுறன்.

ரெண்டாவது, இன்டர்ஃபேஸ் ஃபோல்டரை மட்டும் கொண்டு வந்தால் செட்டிங்ஸ் ஒண்டும் வராது. அது டபிள்யுடிஎஃப் ஃபோல்டருக்குள்ள அக்கவுண்ட், அதுக்குள்ள சேவ்ட்வேரியபிள்ஸ் எண்டதுக்குள்ள இருக்கு. அதையும் பழைய டிஸ்க்கில இருந்து எடுங்கோ, ஆனா கேமை மூடிப்போட்டு ஒட்டுங்கோ. லாகின் பண்ணின நிலையில ஒட்டினால் லாக்அவுட் ஆகேக்க கேம் தன்ர மெமரியில இருக்கிறதை அதுக்கு மேலயே எழுதிப்போடும், கொண்டு வந்தது எல்லாம் போச்சு.

குட்டி_ஹன்டர்:
இடையில வர்றதுக்கு சாரி, எனக்கு ரீடெய்ல்ல, அதாவது இப்போதைய கேம்ல, வீக்ஆராஸ் (சண்டை நேர அலர்ட் ஆட்ஆன்) மிட்நைட் எக்ஸ்பான்ஷன்ல வேலை செய்யல, இதுவும் ஃபோல்டர் பேர் பிரச்சினையா?

பழைய_பேலடின்:
இல்லப்பா. மிட்நைட்டோட 12.0 பேட்ச்ல சண்டை நேர தகவல் நிறையத்தை ஆட்ஆன் படிச்சு கணக்கு போட முடியாதபடி கேம் கம்பெனி பிளிசார்ட் பூட்டிட்டாங்க, அதனால வீக்ஆராஸ் டீம் மிட்நைட்டுக்கு எழுதப் போறதில்லன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. ஃபோல்டரை எப்படி மாத்தினாலும் ஒண்ணும் ஆகாது. "மிட்நைட் வீக்ஆராஸ் ஃபிக்ஸ்"னு யாராவது ஜிப் கொடுத்தா உள்ள என்ன இருக்குன்னு பாரு. ஆட்ஆன்னா லுவா, எக்ஸ்எம்எல், டிஓசி, கொஞ்சம் படம், சத்தம், ஃபான்ட், அவ்வளவுதான். இஎக்ஸ்இ ஃபைல் இருந்தா அந்த ஜிப்பை அப்படியே குப்பையில போடு, உன் அக்கவுண்டுக்குத்தான் வலை.

நடுஜாம_ஷாமன்:
பேலடின் அண்ணா கோடி நன்றி. குவெஸ்டி அந்த வால் சமாச்சாரமேதான், ரிலீஸ் ஜிப் போட்டு கேமை மூடித் திறந்தேன், லிஸ்ட்ல வந்துடுச்சு. முதல்ல உள்ள போனதும் மேப் காலியாதான் இருந்துச்சு, சாட்ல டேட்டாபேஸ் அப்டேட்னு ஏதோ ஓடுச்சு, அது முடிஞ்சதும் சரசரன்னு எல்லா ஐகானும் வந்துச்சு. பேக்பிரதர் ஃபோல்டர் நிஜமாவே இல்ல, போட்டதும் பேக்னான் சிவப்பு போயிடுச்சு. ட்ரூயிட் சொன்ன மாதிரி கேமை மூடிட்டு சேவ்ட்வேரியபிள்ஸும் எடுத்துட்டேன், டீட்டெய்ல்ஸ் ஜன்னல் பழைய இடத்துலயே உக்காந்திருக்கு. ரெண்டு சந்தேகம் பாக்கி. என் பேங்க் ஆல்ட்ல (சாமான் வைக்கிற இன்னொரு கேரக்டர்) மட்டும் பேக்னான் வரவே இல்ல, ஷாமன்ல வருது. அப்புறம் முன்னாடி ஷாமன்ல இருந்தே ஆல்ட்டோட பேங்க்ல என்ன இருக்குன்னு பாக்க முடியும், இப்ப அந்தப் பேரே இல்ல.

ரோக்_மாரி:
ஆட்ஆன் லிஸ்ட்ல மேல இடது பக்கம் ஒரு ட்ராப்டவுன் இருக்கு பாரு. ஆன் ஆஃப் எல்லாம் கேரக்டர் வாரியா தனித்தனி, ஆல்ட் பேர்ல எப்பவோ ஆஃப் ஆகியிருக்கும். ட்ராப்டவுன்ல "ஆல்" வச்சுட்டு பேக்னான், பேக்பிரதர் ரெண்டையும் டிக் பண்ணு.

பழைய_பேலடின்:
மாரி சொன்னது சரி. பேங்க் விஷயம், பேக்பிரதர் சேர்த்து வச்ச பழைய கணக்கு வந்து சேரல போல. டிக் பண்ணிட்டு ஆல்ட்ல லாகின் பண்ணி பேங்கர்கிட்ட போய் ஒரு தடவை பேங்க்கை திறந்து மூடுங்க, அப்பதான் அது குறிச்சு வைக்கும். ஒழுங்கா லாக்அவுட் பண்ணி வெளிய வாங்க, டாஸ்க் மேனேஜர்ல கொன்னுடாதீங்க, லாக்அவுட்டோ ரீலோடோ ஆகும்போதுதான் ஃபைல்ல எழுதும். பதினொண்ணே முக்காலுக்குள்ள முடிச்சுட்டு ஷாமனுக்கு வந்துடுங்க, ஃபயர் ரெசிஸ்ட் பாட்டில் எல்லாம் அந்த ஆல்ட் பேங்க்லதானே இருக்கும், கேரக்டர் மாத்தி கேம் மெயில்ல போட்டா வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும்னு பயப்படாதீங்க, ஒரே அக்கவுண்ட்ன்னா உடனே வந்துடும்.